ரொறன்ரோவில் ஒரு இஞ்சின் கொட்டகை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன்ர முழங்கால் நோ இப்ப எப்பிடி? எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிட்டக் காட்டு.

சனிக்கிழமை மகன் என்னை ப்ளூ ஜேஸ் எண்ட இஞ்சத்தைய பேஸ்போல் அணியின்ர விளையாட்டுப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவன். பேஸ்போல் எனக்கு இன்னும் அரைகுறைதான், அதை விடு. அதுக்கு முதல் சாப்பிடப் போன இடத்தைப் பற்றித்தான் உனக்கு எழுதவேணும். நீ ரெயில்வேக்காரன்ர மகனல்லே.

மைதானத்துக்குப் பக்கத்தில, றோட்டைக் கடந்தால், அரைவட்டமா ஒரு செங்கல் கட்டடம். 1929இல கனடியன் பசிபிக் ரெயில்வே கட்டத் தொடங்கின இஞ்சின் கொட்டகை. முன்னால 120 அடி நீளச் சுழல்மேடை இப்பவும் கிடக்கு. இஞ்சினை அதில ஏத்தித் திருப்பி, 32 அறையில எது வெறுமையோ அதுக்குள்ள விடுவினமாம். உள்ளுக்கு நிக்கிற இஞ்சினுக்கு நெருப்புப் போடாமல் வெளியில இருந்து குழாய் வழியா நீராவி குடுத்திருக்கினம். நகரத்துக்கு நடுவில புகையைக் குறைக்க அந்தக் காலத்திலயே யோசிச்சிருக்கிறாங்கள், பார். 1986ஓட வேலை நிண்டுபோச்சு. பிறகு மாநாட்டு மண்டபத்தைப் பெருப்பிக்கேக்க கொட்டகையின்ர ஒரு பகுதியைக் கழற்றி எடுத்து, வேலை முடிய அந்த இடத்திலயே திரும்பப் பொருத்தியிருக்கினம். இடிச்சுத் தள்ளுறது எவ்வளவு சுகம்!

இப்ப அதுக்குள்ள ஸ்டீம் விசில் எண்ட பியர் ஆலை, 2000ஆம் ஆண்டு தொடக்கம். வேறொரு பியர் கொம்பனியில வேலை போன மூண்டு பேர் சேர்ந்து தொடங்கினது. பச்சைப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தன், அடியில '3எஃப்ஜி' எண்டு கண்ணாடியில புடைச்சு நிக்குது. வேலையால கலைச்ச மூண்டு பேர் எண்டு அர்த்தமாம். கலைச்சவைக்கு இதை விட வேற என்ன பதில் வேணும்? கன வருசமா பில்ஸ்னர் எண்ட ஒரே வகைதான் செய்தவை. எனக்கு ஒரு கிளாஸ் போதும். ஆனால் கடுகோட வந்த பெரிய பிரெட்சல் ரொட்டியை மகனுக்கு மிச்சம் வைக்கேல்ல.

விளையாட்டு நாளில அந்த இடத்தைப் பார்க்கவேணும். முழுக்க நீலச் சட்டை. பக்கத்து மேசையில ப்ளூ ஜேஸின்ர பழைய ஆட்டக்காரன் ஜோ கார்ட்டரின்ர 29ஆம் இலக்கச் சட்டையோட எங்கட வயசுக்காரர் ஒருத்தர். 1993இல கார்ட்டர் அடிச்ச அடியில கிண்ணம் வந்தது. அதுக்குப் பிறகு வரவேயில்லை. 2025 இறுதித் தொடர் கடைசியான ஏழாவது போட்டியின்ர பதினொராவது இன்னிங்ஸ் வரைக்கும் போய் 5-4 எண்டு தோத்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில வீட்டுத்தளத்துக்கு (அதைத் தொட்டால்தான் ஓட்டம்) ஓடி வந்தவன் ஒரு எட்டு முன்னால நிண்டு வெளிக்கிட்டிருந்தால் வெண்டிருக்கலாம் எண்டு, உப்புச் சாடியையும் கடுகுக் கிண்ணத்தையும் தளங்களா வைச்சு அவர் ஆருக்கோ விளங்கப்படுத்துறார். எனக்கு ஷார்ஜாவில மியான்டாட் கடைசிப் பந்தில அடிச்ச சிக்ஸரைப் பற்றி நீயும் நானும் வாசிகசாலை வாசலில பட்ட சண்டைதான் ஞாபகம் வந்தது.

மனிசிக்கு இது பிடிக்கேல்ல. வரலாற்றுச் சின்னத்துக்குள்ள குடிக்கடையோ எண்டு கேக்கிறா. நான் மறுபக்கம். அதே கட்டடத்திலதான் ரெயில்வே நூதனசாலையும் இருக்கு. நூதனசாலையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பெரிய கூரையை ஆர் திருத்துறது? வாடகை குடுக்கிற ஒருத்தன் வேணும். பியர் குடிக்க வந்த சனம் பிள்ளையளோட பழைய இஞ்சினில ஏறி இறங்கினதை நானே பார்த்தன்.

யாழ்ப்பாணம் ஸ்ரேசனை யோசிச்சுப் பார். 1990இல கோச்சி நிண்ட பிறகு கூரையில்லாமல் கிடந்தது. 2014இல யாழ்தேவி திரும்பி வந்தபடியால்தான் அதுக்கும் உயிர் வந்தது. கோச்சி வராமல் விட்டிருந்தால் அதை என்ன செய்திருக்கலாம் எண்டு நினைக்கிறாய்? பியர்க்கடை எண்டு எழுதினால் உன்ர மனிசி இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுவா, வேற ஏதும் யோசிச்சு எழுது.

விசா அலுவல் என்ன மாதிரி? கலியாணத்துக்கு ஒரு மாசம் முந்தியே வா. ப்ளூ ஜேஸ் ரிக்கற் எடுக்கிறது மகன்ர பொறுப்பு.

அன்புடன்,
உன்ர மச்சான்