விழாக்குழு அண்ணன்மாருக்கு: பகடை துகில் அன்னிக்கு மைக்கைப் புடுங்காதீங்க

எங்கூரு திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவுல இருக்கிற பெரியவங்க, அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் பகடை துகில் ராத்திரி, அதான் சூதாட்டத்துல தோத்தப்புறம் துச்சாதனன் திரௌபதி சேலையை உருவுற தெருக்கூத்து அன்னிக்கு, என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், முன்னாடி சேர் போட்டு உக்காந்திருந்ததே நீங்கதான். அதனால முழுசா சொல்லல, ஒரே ஒரு எடம் மட்டும்.

மணி ஒண்ணரை இருக்கும். துச்சாதனன் வேஷக்காரரு திரௌபதி முன்னாடி வந்து நிக்கிறாரு. சேலையில கை வைக்கறதுக்கு முந்தி கற்பூரம் ஏத்தி, தாயே இது வேஷம்தான், என்னை மன்னிச்சுடுன்னு கும்புட்டுட்டுத்தான் தொடுவாரு. திரௌபதி கட்டியிருக்கிறதும் ஒரு ஆம்பளதான், சாயங்காலம் பக்கத்துல உக்காந்து அரிதாரம் பூசிக்கிட்டு டீ குடிச்ச ஆளுதான், ஆனா அந்த நேரத்துல அது அம்மன், பாய் விரிச்சு படுத்துக் கெடந்த பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சு கையெடுத்து நிக்குறாங்க. கரெக்டா அப்ப மைக்கை வாங்கிட்டீங்க. ஜெனரேட்டர் உபயதாரருக்குப் பொன்னாடை, சீரியல் லைட்டு உபயதாரருக்குப் பொன்னாடை, அப்புறம் யாருக்குன்னே தெரியல, மொத்தம் ஏழு பேரு. தட்டுல கற்பூரம் எரிஞ்சு அணைஞ்சுது. அவரே மடியிலேர்ந்து இன்னொரு கட்டி எடுத்து ஏத்துனாரு, அதுவும் அணைஞ்சுது. ஆர்மோனியக்காரரு சுருதியை விடாம புடிச்சுக்கிட்டே இருந்தாரு. எதைக் கண்டாலும் நக்கலடிக்கிற கூத்துக் கோமாளி கட்டியக்காரன் கூட வாயைத் தொறக்கல, அப்பவாச்சும் நமக்குப் புரிஞ்சிருக்கணும்.

அதனால கேக்குறேன், அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் நடுவுல மைக்கைப் புடுங்காதீங்க.

இது வெறும் நாடகம்னா ஏழு என்ன, எழுபது பொன்னாடை போடுங்க. துகில்ல அவுந்த கூந்தலை அம்மன் படுகளம் வரைக்கும் முடியறதில்ல. படுகளம்ங்கிற அந்தப் பதினெட்டாம் போர் அன்னிக்கு, மண்ணுல செஞ்சு படுக்க வெச்ச துரியோதனன் உருவத்துத் தொடையிலேர்ந்து செகப்பை எடுத்து தலையில தடவினப்புறம்தான் கொண்டை போடுறாங்க, அதுக்கப்புறம்தான் தீமிதி. அந்த உருவத்து மண்ணுல ஒரு பிடி எடுத்துட்டுப் போறதுக்கு நம்ம வீட்டுப் பொம்பளைங்க எப்படி முண்டியடிக்கிறாங்கன்னு பாத்திருப்பீங்க. முடி அவுந்ததே யாருக்கும் தெரியலன்னா படுகளத்துல எதை முடியறது, நீங்களே சொல்லுங்க. அர்ச்சுனன் தவம் பண்ண மரத்துல ஏறுற தபசு அன்னிக்கு மட்டும் யாரும் மைக் கிட்ட போறதில்ல, ஏன்னா தபசு மரத்து மேலேர்ந்து விழுற எலுமிச்சம்பழம் நம்ம வீட்டுக்கும் வேணும், அதால பேரப்புள்ள பொறக்கணும். பலன் குடுக்குறப்ப மட்டும் சாமி, அவமானப்படுறப்ப ஐட்டம் நம்பரா?

சென்னையில கலைவிழான்னு கூட்டிட்டுப் போயி பத்து நிமிஷம் ஆட விட்டு, கிரீடத்தோட நிக்க வெச்சு செல்ஃபி எடுத்துட்டு அனுப்பிடுறாங்க, அதுக்குப் பேரு பாரம்பரியத்தைக் காப்பாத்துறதாம். செஞ்சிப் பக்கம் இந்தத் திருவிழாவைப் பாக்க ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்கரு வந்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாரு. நம்மாளுங்களுக்கு நாலு மணி நேரம் பொறுமை இல்ல, ரெண்டு மணிக்கு ஆடலும் பாடலும் குரூப்பு வேன் வந்துடும்னு அவசரம். எல்லா ஊருலயும் இப்படித்தான்னு சொல்லுவீங்க, எல்லா ஊருலயும் காப்பு கட்டிக்கிட்டு கவுச்சி இல்லாம இருக்குறாங்களே, அதையும் சேத்துத்தான் பாக்கணும்.

சரி, கோவத்துல கூடப் பேசிட்டேன், பெரியவங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. வசூல் பண்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்கும் தெரியும், உபயதாரரை மதிக்காம திருவிழா நடக்காது. அவங்களுக்குப் போட வேண்டியதை களரி கட்டுறதுக்கு, அதான் மேளம் தட்டி கூத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒம்போது மணிக்கே போட்டுடுங்க, அப்பத்தான் கூட்டமும் முழிச்சிருக்கும், போட்டோவும் நல்லா வரும். திரை புடிச்சு வேஷம் வெளிய வந்தாச்சுன்னா அப்புறம் அது அவங்க மேடை, மைக்கைப் புடுங்காதீங்க. அடுத்த வருஷம் நோட்டீஸ் அடிக்கிறப்ப பகடை துகில்னு போடுற எடத்துக்குக் கீழ இதை ஒரு வரி சேத்தீங்கன்னா புண்ணியமா போகும்.

அறிவிப்புக்குத் தனியா ஒரு மைக் செட் வேணும்னா அந்தச் செலவை நான் ஏத்துக்கறேன். எனக்குப் பொன்னாடை வேணாம்.

இப்படிக்கு,
பாய் விரிச்சு கடைசி வரிசையில உக்காந்திருந்த உங்க ஊருக்காரன்