கிழிந்தாலும் பரவாயில்லை என்று தரும் புத்தகங்களுக்காக

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊரில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் 78. அங்கன்வாடி டீச்சருடன் தெருத் தெருவாகப் போய்க் கணக்கெடுத்தோம். டிவி இல்லாத வீடு இல்லை, செல்போன் இல்லாத வீடு இல்லை. பிள்ளைக்கென்று ஒரு கதைப் புத்தகமாவது வைத்திருந்த வீடுகள் ஒன்பதுதான். அதிலும் மூன்று வீடுகளில் புத்தகம் பீரோவுக்குள் இருந்தது. "வெளிய வச்சா கிழிச்சுப் போட்டுருவான் சார்" என்றார் ஒரு தாய். அவரைக் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருள் கிழிந்தால் யாருக்கும் மனசு கேட்காது. பீரோவுக்குள் இருக்கும் புத்தகத்தால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மை.

அன்று சாயங்காலம் பேசிப் பேசி எடுத்த முடிவுதான் கதைப் பை. அதற்குத்தான் உங்களிடம் நன்கொடை கேட்டு வருகிறோம். ஒரு மஞ்சப்பை. அதில் ஆறு படக்கதைப் புத்தகங்கள், ஒரு சின்ன நோட்டு. இரண்டு வீட்டுக்கு ஒரு பை. பதினைந்து நாள் ஒரு வீட்டில், அடுத்த பதினைந்து நாள் மற்ற வீட்டில், அதன் பிறகு பை அடுத்த தெருவுக்குப் போகும். விதி ஒன்றே ஒன்று: கிழிந்தால் கேட்க மாட்டோம்.

கோடை விடுமுறையில் நான்கு பைகளைச் சோதனையாக விட்டோம். வடக்குத் தெருவில் ஒரு அப்பாயி, "எனக்கு எழுத்துத் தெரியாதுப்பா, படிச்சவங்க வீட்டுக்குக் குடுங்க" என்று பையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கட்டாயப்படுத்தி வைத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் போனபோது திண்ணையில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, ஆடு ஒன்று சந்தைக்குப் போகும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஆட்டுக்குப் பெயர் கிடையாது. அப்பாயி தன் வீட்டு ஆட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார். சந்தைக்குப் போகும் வழியில் நம் பாமணி ஆறு வந்தது, ஐயனார் கோயில் வந்தது. பேத்தி விடாமல் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். எச்சில் தொட்டுப் புரட்டியதில் இரண்டு பக்கம் சேர்ந்து போய்விட்டது. பிள்ளை கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தைத் திருப்பி, "இது சொல்லல" என்றாள். நாலு வயது. புத்தகத்துக்குள் கதை வரிசையாக இருக்கிறது, ஒரு பக்கம் விட்டுப்போனால் கதை விட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் பாடம் நடத்தவில்லை.

இன்னொரு வீட்டில் அப்பாதான் படிக்கிறார். நெல் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு இரவு எட்டு மணிக்கு வருகிறவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "ச...ந்...தை" என்று அவர் இழுத்தால் மகளும் கூடவே இழுக்கிறாள், சொல் முழுதாக வந்ததும் இருவரும் கை தட்டுகிறார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்தான் படித்துக்காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வீடு நிறையச் சொல்லிக்கொடுத்தது.

சில வீடுகளில் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். "இது என்ன எழுத்து? சொல்லு பாப்போம்" என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்ட வீடுகளில் மூன்றாம் நாளே பிள்ளை எழுந்து ஓடிவிட்டது. கதை நேரத்தில் பரீட்சை வேண்டாம். புலி வந்தால் உறுமுங்கள், கிழவி வந்தால் குரலை நடுங்க விடுங்கள். பாதியில் தூங்கினால் தூங்கட்டும். ஒரே கதையைப் பத்து நாளும் கேட்டால் பத்து நாளும் படியுங்கள். பதினோராம் நாள் நீங்கள் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் பிள்ளை பிடித்துவிடும்.

இதில் நம் மொழிக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டில் "போச்சு" என்கிறோம், புத்தகத்தில் "சென்றது" என்று இருக்கிறது. பல பிள்ளைகள் அந்தத் தமிழை முதன்முதலில் காதால் கேட்பதே பள்ளிக்கூடத்தில்தான். அது ஏதோ வேற்றுப் பாஷை மாதிரி மிரட்டுகிறது. அம்மா மடியில் உட்கார்ந்து, "ஆடு சந்தைக்குச் சென்றது... சந்தைக்குப் போச்சாம்" என்று இரண்டு விதமாகவும் கேட்ட பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்காது. புத்தகத் தமிழும் அதற்கு வீட்டுத் தமிழாகவே வந்து சேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் ஊர் ஊராகப் போய்க் கை ஏந்தத் தயார்.

சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோமே, பிறகு எதற்கு நன்கொடை என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை நூலகத்துக்கு நடந்து போகாது, புத்தகத்தைக் கடிக்காமல் திருப்பித் தரவும் தராது. செல்போனிலேயே கதை இருக்கிறதே என்றும் கேட்டார்கள். இருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமில்லாமல் தருகிறது. நாங்களே அதிலிருந்து சில கதைகளை அச்செடுத்துப் பையில் வைக்கிறோம். போனிலேயே படித்துப் பார்த்த வீடுகளில் நடுவில் அழைப்பு வந்தது, பிள்ளையின் விரல் பட்டு வீடியோ ஓடியது, கதை அங்கேயே நின்றது.

வீடு தேடிப் புத்தகம் போவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில்தான் 1931 அக்டோபரில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. அதைக் கிளப்பியவர் பொறியாளர் எஸ்.வி. கனகசபை பிள்ளை. வரும் 2031இல் அதற்கு நூறு வயது. அந்த வண்டி ஓடிய பக்கத்தில் ஒரு பிள்ளைகூடக் கதைப் புத்தகம் தொடாமல் பள்ளிக்குப் போகக் கூடாது என்று ஆசைப்படுகிறோம்.

கணக்கு இதுதான். ஒரு பைக்குப் புத்தகங்கள் 390 ரூபாய், துணியும் தையலும் 60, நோட்டும் ஒட்டுவதற்கு டேப்பும் 50, ஆக 500 ரூபாய். மொத்தம் 40 பைகள் வேண்டும். நான்கு இருக்கின்றன. மீதி 36 பைகளுக்கு 18,000 ரூபாய். கிழிந்தவற்றுக்கு மாற்று வாங்க ஓர் ஆண்டுக்கு 5,000. கையிருப்பு 6,500 போக, இன்னும் 16,500 ரூபாய் தேவைப்படுகிறது.

முழுப் பை தர முடிந்தவர்கள் பை தாருங்கள். முடியாதவர்கள் ஒரு புத்தகத்துக்கு 65 ரூபாய் தந்தாலும் போதும். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தரலாம், மறைந்த பெரியவர்கள் நினைவாகத் தரலாம். பெயரை முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுகிறோம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஊரிலுள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பினால் நலம். பணம் இல்லாதவர்கள் பை தைத்துக் கொடுங்கள், கிழிந்ததை ஒட்டிக் கொடுங்கள். பழைய புத்தகம் தருபவர்கள் படம் உள்ளதாக, எழுத்து பெரிதாக உள்ளதாகப் பார்த்துத் தாருங்கள். பழைய கைடுகள் வேண்டாம்.

ஐந்து ரூபாயானாலும் பொருளாளர் ரசீது தருவார், தயவுசெய்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதம் முதல் ஞாயிறன்று ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். தீபாவளிக்கு முன் வசூலை முடித்து, நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று 40 பைகளையும் அங்கன்வாடி வாசலில் வைத்து வீடுகளுக்குக் கொடுக்கிறோம். அன்று முதல் கதையைப் படிக்க வடக்குத் தெரு அப்பாயி ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லோரும் பிள்ளைகளோடு வாருங்கள்.

இப்படிக்கு,
கதைப் பைக் குழுவினர்