க்ரோம்ல மட்டும்தான் தொறக்குமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் க்ரோம் கம்ப்யூட்டரோட மெமரியை, அதாவது ரேமைத் தின்னுது, எல்லாரும் வேற பிரவுசருக்கு மாறுங்கன்னு எழுதியிருந்தாரு, அதுக்கு இன்னொருத்தர் ஃபயர்பாக்ஸ் எல்லாம் இன்னும் யாருங்க வெச்சிருக்கான்னு கிண்டல் பண்ணியிருந்தாரு. நான்தாங்க வெச்சிருக்கேன். கோத்தகிரியில 2004ல பிரவுசிங் சென்டரா ஆரம்பிச்ச கடை, இப்ப ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஓடிட்டு இருக்கு.

மாறுங்கன்னு சொல்றது சுலபம், எதுக்கு மாறுறது? எங்க ஊர்ல தேயிலைத்தூள் வாங்கினா, ஒரே ஃபேக்டரி தூளை பத்து கம்பெனிக்காரன் பத்து கலர் பாக்கெட்ல போட்டு விப்பான், பிரவுசரும் அப்படித்தான். ஓபரா 2013லயே பக்கத்தைக் காட்டுற சொந்த இன்ஜினை விட்டுட்டு, க்ரோமுக்கு அடியில இருக்குற க்ரோமியம் பக்கம் போயிருச்சு, மைக்ரோசாஃப்டோட எட்ஜ் 2020 ஜனவரியில போச்சு, பிரேவ், விவால்டி எல்லாம் அதேதான், ஏன் நம்ம சோஹோக்காரங்க 2023ல விட்ட உலா கூட உள்ளே க்ரோமியம்தான் (பேரு மட்டும் சூப்பரா வெச்சாங்க). வேற தோட்டத்து இலைன்னு பார்த்தா ஃபயர்பாக்ஸும் ஆப்பிள்காரனோட சஃபாரியும்தான் மிச்சம்.

இதனால என்ன கஷ்டம்னு கேப்பீங்க. மழைக்காலத்துல ஒரு நாள், கரண்ட் போயிப் போயி வந்துட்டு இருக்கு, கெங்கரை பக்கத்துலேர்ந்து ஒரு பாட்டி ஒரு படிவம் போட வந்தாங்க. பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், அதுக்கு க்ரோம் 109ஆவது வெர்ஷனோட நின்னு போச்சு, 2023க்கு அப்புறம் புதுசு கிடையாது, ஃபயர்பாக்ஸ் மட்டும் 115ங்கிற வெர்ஷனுக்கு செக்யூரிட்டி அப்டேட் குடுத்துட்டு இருந்தாங்க, அதனால அதுலதான் வேலை பார்ப்பேன். சைட்டைத் தொறந்தா, உங்க பிரவுசர் ஏத்துக்க முடியாது, க்ரோம் யூஸ் பண்ணவும்னு ஒரு செவப்புக் கட்டம், அவ்வளவுதான். பாட்டி சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருந்த சீட்டை எடுத்து எடுத்துப் பாக்குறாங்க, ஓடிபி வர்ற நம்பரு திருப்பூர்ல இருக்குற மகனோடது, அவனை லைன்ல வெச்சிருக்கோம், அவன் ஷிஃப்ட்டுக்குப் போகணுங்கிறான்.

எனக்கு சந்தேகம் வந்து, ஃபயர்பாக்ஸ் செட்டிங்ல போயி நான் க்ரோம்தான்னு சைட்டுக்குப் பொய் சொல்ற மாதிரி ஒரு வரியை மாத்தினேன். அதே பிரவுசர், அதே கம்ப்யூட்டர், அதே பக்கம் ஜம்முனு தொறந்துச்சு. தேதி போடுற கட்டம் கூட சரியா வந்துச்சு. அப்போ ஃபயர்பாக்ஸ்ல ஓடாதுங்கிறது இல்ல, எவனோ ஒருத்தன் பேரைப் பார்த்து கதவைச் சாத்திட்டான், அவ்வளவுதான். விவால்டிக்காரங்க இந்தத் தொல்லை தாங்காமத்தான் 2019 டிசம்பர்லேர்ந்து சைட்டுங்க கிட்ட நாங்க க்ரோம்னே சொல்லிக்கிறாங்க.

இந்தப் பொய்க்கு பெரிய பரம்பரையே இருக்குங்க. நெட்ஸ்கேப்ங்கிற பழைய பிரவுசர் சைட்டுங்க கிட்ட தன் பேரை மொசில்லான்னு சொல்லும், அந்தக் காலத்துல நல்ல பக்கத்தை அந்தப் பேரு சொன்னவனுக்கு மட்டும் குடுத்தாங்க, மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் நானும் மொசில்லான்னு சொல்லி உள்ள பூந்துச்சு, இன்னிக்கும் க்ரோம் தன்னை அறிமுகப்படுத்திக்கும்போது முதல் வார்த்தையே மொசில்லாதான். அப்புறம் எக்ஸ்புளோரர் ராஜ்யம் வந்து, இதுல மட்டும்தான் தெரியும்னு நிறைய சைட்டுல அடியில போட்டான், தமிழ் பத்திரிகை சைட்டுக்கு ஆளுக்கொரு ஃபான்ட் வேற இறக்கணும் (கோவிச்சுக்காதீங்க சார், கடைக்கு வர்றவங்களுக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன்). அந்த எக்ஸ்புளோரரை 2022 ஜூன் 15ல மூடிட்டாங்க. இப்ப அந்த இடத்துல க்ரோம் பேரை எழுதுறாங்க.

அதனால எது வேகம், எது ரேம் தின்னுதுங்கிற சண்டையை டீக்கடையில வெச்சுக்கலாம். உங்க தொழில்நுட்பப் பக்கத்துல, சைட் செய்யறவங்க ஒரு தடவை ஃபயர்பாக்ஸ்லயும் தொறந்து பார்க்கணும்னு யாரையாவது எழுதச் சொல்லுங்க.

பாட்டியோட படிவம் அன்னிக்கே போயிருச்சு. நான் அந்த சைட்டோட உதவி மெயிலுக்கு நடந்ததை எல்லாம் விலாவாரியா எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் வெச்சு அனுப்பினேன். பதினோரு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: தயவுசெய்து க்ரோம் பயன்படுத்தவும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோத்தகிரி