பர்மாவில் மறைந்த எங்கள் தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

‘பர்மாவுக்குப் போனவர்’ என்று மட்டுமே எங்கள் வீட்டில் எண்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த என் தாத்தா, இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷாரின் பதினான்காம் படை பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்த நாட்களில் உயிர்நீத்தார் என்பது உங்கள் உதவியால்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

தாத்தா வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றின் தச்சர். பாலம் கட்டவும் பாதை போடவும் கைத்தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பெங்களூர் சென்று சேர்ந்தார். கடைசி விடுப்பில் வந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கு வேப்பமரத்தில் ஒரு தொட்டில் செய்துவைத்துவிட்டுப் போனார்; அதில் கிடந்து வளர்ந்த என் தந்தையை அவர் பார்க்கவே இல்லை. ஆங்கிலத் தந்தியைப் பக்கத்து ஊர் வாத்தியார் படித்துச் சொன்ன பிறகும், உடலைக் காணாத பாட்டி இரண்டு ஆண்டுகள் தாலியைக் கழற்றவில்லை. வீரமரணம் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஆள் வரல’ என்பார், அவ்வளவுதான். அந்தத் தந்தியும் ஒரு மழையில் நனைந்து போயிற்று. இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையன்றே தாத்தாவுக்குத் திதி கொடுத்துவந்தோம்.

தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனையோ விதமாக எழுதித் தேடியும் கிடைக்காமல் நாங்கள் சோர்ந்திருந்த வேளையில், எங்கள் பழைய தகரப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதன் மூடியில் இரண்டு பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த படை எண்ணைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்த ஓய்வுபெற்ற அவில்தார் ஐயாவுக்கு எங்கள் முதல் நன்றி. ‘இவரும் எங்க தம்பிதானே’ என்று அவர் சொன்னார். மதராஸ் சாப்பர்களைத் தம்பி என்று அழைப்பது படையில் நெடுங்கால வழக்கம் என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்த எண்ணைக் கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, கொள்ளுத்தாத்தாவின் பெயரும் எங்கள் ஊர்ப்பெயரும் உருமாறிக் கிடந்த வரியைக் கண்டுபிடித்த கல்லூரி மாணவிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

யாங்கூனில் (பழைய ரங்கூன்) வாழும் தமிழ்ச் சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நகருக்கு வடக்கே தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ரங்கூன் நினைவகத்தின் தூண்களில், கல்லறை இல்லாத ஏறத்தாழ 27,000 படைவீரர்களின் பெயர்கள் உள்ளன. அந்த நாட்டின் இன்றைய நிலையிலும் அச்சகோதரி அங்கே இருமுறை சென்று, வெயிலில் நின்று, தாத்தாவின் பெயரைத் தேடிப் பிடித்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து அனுப்பினார். எழுத்துகள் வெள்ளையாகவும் சுற்றிலும் கருமையாகவும் வந்திருந்த அந்தத் தாளை என் தந்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராகையால், ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவி என்னைச் சொல்லச் சொன்னார். அந்த நினைவகத்தின் அஞ்சலி வாசகம் ஐந்து மொழிகளில் இருந்தும் தமிழில் இல்லை என்பது எனக்குள்ள ஒரே வருத்தம்.

பதிவேட்டிலிருந்த தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதியைக் குறித்துக்கொடுத்த எங்கள் ஊர்ப் புரோகிதர் தட்சணை வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் எங்கள் நன்றி. வரும் மாசியில், முதன்முறையாகத் தாத்தாவுக்குரிய நாளிலேயே திதி கொடுக்கிறோம். உதவியவர்கள் அனைவரும் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து இலையில் அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று என் தந்தை கேட்டுக்கொள்கிறார்.