எஞ்சின் ஓடாதபோது வரும் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், முதலில் உன் வண்டி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ பேசும்போது பின்னால் 'கிரீச் கிரீச்' என்று விட்டுவிட்டுக் கேட்டது. கதவாயிருக்கும் என்றாள் அம்மா. எனக்குத் தெரியாதா, அது கிளட்ச் பெடல். பேசிக்கொண்டே மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாய். எஞ்சின் சத்தம் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, மற்ற வண்டிகளின் இரைச்சலும் இல்லை. நாற்பது நிமிடமும் அப்படியேதான்.

ஒரு விதத்தில் அது நல்லது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே கத்தினால் கோளாறு அநேகமாகப் பெடலிலோ, அதை ஒட்டிய இணைப்புகளிலோ இருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும், மிதித்ததும் சத்தம் வந்தால், உள்ளே கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்ததும் சத்தம் வந்து, முழுக்க மிதித்ததும் நின்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். அந்த இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். உன்னுடையது வீட்டிலேயே முடிகிற வேலை.

சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வை. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளு. கால்மிதி மேட்டை வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை மிதித்துப் பார். மேட்டின் ஓரம் பெடலில் உரசியே கத்துவதுண்டு. அதற்குப் போய்ப் பாதி வண்டியைக் கழற்றியவர்களும் உண்டு.

அது இல்லையென்றால் தலையை டேஷ்போர்டுக்குக் கீழே கொடுத்து, டார்ச் அடித்துப் பார். ஒருவர் பெடலை மெதுவாக அமுக்க, இன்னொருவர் காது கொடுப்பது நல்லது. மாப்பிள்ளையை அமுக்கச் சொல். அவருக்குத் தோதுப்படாவிட்டால் பரவாயில்லை, நீயே கையால் அமுக்கலாம். கையால் அமுக்கினால் இன்னொரு லாபம்: எந்த இடத்தில் சத்தம் எழுகிறதோ அங்கே விரலை வைத்தால் அதிர்வு தெரியும். அரை மீட்டர் ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாகக் கொண்டுபோனாலும் இடம் பிடிபட்டுவிடும்.

பார்க்க வேண்டிய இடங்களை மேலிருந்து சொல்கிறேன். பெடல் தொங்குகிற போல்ட்டின் இரண்டு பக்கமும் நைலான் புஷ், அதாவது சின்ன பிளாஸ்டிக் வளையம், இருக்கும். பத்தில் ஏழெட்டு வண்டியில் குற்றவாளி அதுதான் என்பது என் எண்ணம். கிரீஸ் காய்ந்து, தூசி ஏறி, பிளாஸ்டிக்கும் இரும்பும் நேரடியாக உரசும். பெடலைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்தே போய்விட்டது, மாற்ற வேண்டும். ஆட்டமில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் கிரீஸ் போதும். புஷ்ஷை மாற்றும்போது ஒரு கவனம். பல வண்டிகளில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே போல்ட்டில் தொங்கும். அதை முழுக்க உருவினால் பிரேக் பெடலும் கையோடு வந்துவிடும். அப்படி இருந்தால் நீ தொடாதே, மெக்கானிக்கிடம் விடு.

அடுத்தது பெடலைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங். அதன் இரண்டு கொக்கி முனைகளும் உரசும். இருக்கிற இடத்திலேயே கிரீஸ் தடவு, கழற்றாதே. இறுக்கத்தில் இருக்கிற ஸ்பிரிங் நழுவினால் முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொள். உன் படிக்கிற கண்ணாடி போதாது, பக்கமும் மறைக்கிற மாதிரி வேண்டும்.

அப்புறம் பெடலையும், ஆயிலை அழுத்தி கிளட்ச்சுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியையும் சேர்க்கிற பின். கிளிப்பைக் கழற்றிப் பின்னை உருவி, நகத்தால் தடவிப் பார். நகம் பள்ளத்தில் மாட்டினால் பின்னையும் கிளிப்பையும் புதிதாகப் போடு. தேய்ந்த பின்னுக்குக் கிரீஸ் போட்டால் ஒரு வாரம்தான் சும்மா இருக்கும். பெடல் மேலே வந்து நிற்கிற கடைசி அங்குலத்தில் மட்டும் சத்தம் வந்தால், அங்கே இருக்கிற ரப்பர் தடுப்பையும் ஸ்விட்சின் முனையையும் துணியால் துடை. ஸ்விட்சுக்குள் எதையும் அடிக்காதே.

எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அடித்துவிடாதே, பாப்பா. ஓரிடத்துக்குக் கொஞ்சம், பத்துமுறை அமுக்கு, கேள். நிற்கவில்லையா, அடுத்த இடம். மொத்தமாக நனைத்துவிட்டால் சத்தம் நிற்கும், எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுக்காதே. அது பழைய கிரீஸையும் கழுவிவிட்டுச் சில நாளில் ஆவியாகிப் போகும். பிறகு முன்னைவிட அதிகமாகக் கத்தும். நைலான், ரப்பர் இடங்களுக்குச் சிலிகான். இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். முதலில் பழைய அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, பாதிப் பட்டாணி அளவு வை. அதிகமானால் வழிந்து பெடல் ரப்பரில் படியும், பிரேக்கில் செருப்பு வழுக்கும்.

சத்தம் எஞ்சினுக்கும் உன் காலுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்குள்ளிருந்து, ரப்பர் தேய்கிற மாதிரி வந்தால் அது மாஸ்டர் சிலிண்டர் சீல். பெடலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார். ஈரம் தட்டினால் பிரேக் ஆயில் கசிகிறது (கிளட்ச்சுக்கும் அதே ஆயில்தான்), சிலிண்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்குள் கிரீஸையோ எஞ்சின் ஆயிலையோ விட்டால் சீல் உப்பிக் கெட்டுப்போகும். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. உன்னுடையது ஆயிலுக்குப் பதில் கம்பியால் கிளட்ச்சை இழுக்கிற கேபிள் வண்டியாக இருந்தால் பெடல் முனையில் கம்பி இழைகள் பிரிந்திருக்கிறதா பார். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடு, மிச்சமும் அறும், நடுரோட்டில் அறும். கேபிளுக்குள் ஆயில் விடாதே. இப்போது வருகிற பல கேபிள்களில் உள்ளே பிளாஸ்டிக் உறை உண்டு, ஆயில் தூசியைப் பிடித்து இறுகிப்போகும்.

உள்ளே ஒன்றும் இல்லாமல் பானெட் பக்கம் சத்தம் கேட்டால் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிற ஃபோர்க் நிற்கிற உருண்டை காய்ந்திருக்கலாம். அதன் ரப்பர் உறை வழியாக ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதே. கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டால் வழுக்க ஆரம்பிக்கும், பிறகு பெரிய செலவு.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டு வயதில், ஓடுகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு எந்தப் பக்கத்துப் பேரிங் என்று சொன்னவள் நீ. அதை இன்றும் நான் சொல்லாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் இந்தச் சத்தத்தை இத்தனை நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். போன மாதம் பேசியபோதும் கேட்டது. அதற்கு முந்தைய மாதமும். மூன்று முறையும் ராத்திரி பத்தரைக்கு மேல்.

கிளட்ச்மேல் காலை வைத்துக்கொண்டே உட்காரும் பழக்கத்தை விடு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஓடும்போது அப்படி வைத்தால் ரிலீஸ் பேரிங்கும் தட்டும் தேயும். எஞ்சின் அணைந்து நின்ற வண்டியில் வைத்தால் ஒன்றும் தேயாது, அது வேறு. ஆனாலும் எதற்கு அவ்வளவு நேரம் நின்ற வண்டியில்.

அன்றைக்கு மாடியில் நீ சொல்ல வந்தபோது, "எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, உன் டயரில் காற்று பார்க்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டேன். நாலு டயரிலும் காற்று சரியாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் கீழேயே நின்றேன். திரும்பி வந்தபோது நீ அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தாய். பிறகு நீயும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன, எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கஸ்டமரிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் நான் ஒரு வண்டியையும் தொட்டதில்லை.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நீ சொன்னால் சொல், இல்லாவிட்டால் விடு.

வேலை முடிந்ததும் இருபதுமுறை மிதித்துப் பார். பெடல் தானாக மேலே முழுக்க வர வேண்டும். கேபிள் வண்டியில் பெடலைக் கையால் அமுக்கினால் முதலில் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும், பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். மேட்டைத் திரும்பப் போடும்போது கொக்கியில் மாட்டு. ஸ்பிரே மட்டும் வேண்டாம், மறந்துவிடாதே.

உன் அறையில் கிடந்த தையல் மிஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். வாசலில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்துகிறேன், உன் வண்டி உள்ளே வரும். ராத்திரி எத்தனை மணியானாலும் கேட்டுக்கு நான் எழுந்து வருவேன். தூரப் பயணமாகக் கிளம்புவதானால் பிரேக் ஆயில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. குறைந்திருந்தாலும் கிளம்பாமல் இருந்துவிடாதே. போன் பண்ணு, நான் வருகிறேன்.

அப்பா