மடித்து வைத்த கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். ஆடிக்காற்று இரண்டு நாளாகப் பின்கட்டு ஓடுகளைப் பெயர்த்துப் போடுகிறது. உன் அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ பேசி 26 நாட்கள் ஆகின்றன. கடைசியாக வந்தது லெய்டன் அருங்காட்சியகத்தில் நீ எடுத்த படம், சான் மத்தேயோ கப்பலின் கொடி. "உன் ஆர்மடா அம்மா! அவர்கள் ஏன் தோற்றார்கள், மறுபடி சொல்லேன்" என்று எழுதியிருந்தாய். படத்தின் ஓரத்தில் உன் கை தெரிந்தது. அத்தை போட்ட வளையலைக் காணவில்லை. வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீ கேட்டதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

1588இல் இங்கிலாந்தைப் பிடிக்க ஸ்பெயின் அனுப்பிய கப்பற்படைதான் ஆர்மடா என்று 31 வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தினேன். 'புயலால் அழிந்தது' என்று எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன். அது தவறு. புயல் பேயாட்டம் ஆடியது கப்பல்கள் ஸ்காட்லாந்தைச் சுற்றி, அயர்லாந்துக் கரையோரமாக ஊர் திரும்பும்போது. காரியம் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

1588 பிப்ரவரியில் கடற்படைத் தலைவர் சாந்தா குரூஸ் இறந்துபோனார். அவர் இடத்துக்கு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் மெதினா சிதோனியா கோமகனைப் போட்டார். அந்த மனிதர் தயங்காமல் எழுதினார்: கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, போர் அனுபவம் இல்லை, கடன் வேறு இருக்கிறது, என்னை விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு கடிதம். இந்தப் படையெடுப்பிலேயே தனக்கு நம்பிக்கை இல்லை என்று அதில் எழுதினார். அந்த இரண்டாவது கடிதத்தை மன்னரின் ஆலோசகர்கள் இடியாக்கேஸ், மோரா இருவரும் மன்னரிடம் காட்டவே இல்லை. இதை வகுப்பில் நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பாஸ்போர்ட்டை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பீப்பாய்கள். 1587இல் ஆங்கிலேயத் தளபதி டிரேக் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களைக் கொளுத்தினார். அதோடு நிற்காமல், பீப்பாய் செய்ய உலர்த்தி வைத்திருந்த பலகைகளையும் போர்ச்சுகல் கரையோரம் பிடித்து எரித்துவிட்டார். பிறகு பச்சை மரத்தில் பீப்பாய் அடித்தார்கள். ஈர ஜாடியில் போட்ட ஊறுகாய் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். தண்ணீர் ஒழுகியது, உணவு அழுகியது. சுமார் 130 கப்பல்கள் மே கடைசியில் லிஸ்பனை விட்டுக் கிளம்பின. ஜூனில் காற்று அவற்றைச் சிதறடித்துக் கொருன்னாவில் ஒதுக்கியது. அங்கிருந்தும் மெதினா சிதோனியா எழுதினார், இந்த முறை மன்னருக்கே: சமாதானம் செய்துகொள்ளலாம். மன்னர் ஒப்பவில்லை, போ என்றார். இவ்வளவு செலவு செய்தாகிவிட்டது, கடவுள் காரியம், நடுவில் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? பிலிப் அப்படித்தான் நினைத்திருப்பார். எனக்கு அந்த மனம் தெரியும்.

திட்டத்தின் பெரிய ஓட்டை எது தெரியுமா? கப்பற்படை தானாக இங்கிலாந்தில் இறங்கப் போவதில்லை. கால்வாயின் இந்தப் பக்கம் ஃபிளாண்டர்ஸில் ஸ்பெயினின் தரைப்படைத் தலைவர் பார்மா கோமகனின் படை தட்டையான படகுகளில் காத்திருக்க வேண்டும், இவர்கள் காவலுக்குப் போய் அதை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பேரும் எங்கே, என்றைக்குச் சந்திப்பது? அதை யாரும் முடிவு செய்யவில்லை. மெதினா சிதோனியா வழியெல்லாம் பார்மாவுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே வந்தார். பதிலே இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி பிரான்ஸ் கரையில் கலே அருகே நங்கூரம் போட்டார். பார்மாவின் படகுகள் நின்ற டன்கிர்க் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். கப்பற்படை வந்துவிட்ட செய்தியே அப்போதுதான் பார்மாவுக்குக் கிடைத்தது. படையைப் படகில் ஏற்ற இன்னும் சில நாட்கள் வேண்டும். வெளியே ஆழமில்லாத கடலில், நீ இருக்கும் நாட்டுக்காரர்களான டச்சுக்காரர்களின் சிறு கப்பல்கள் காவல் நின்றன. பெரிய கப்பல்கள் அங்கே வர முடியாது, படகுகள் தனியாக வெளியே வர முடியாது. நாற்பது கிலோமீட்டரில் இருந்தும் ஒருவர் நிலை ஒருவருக்குத் தெரியவில்லை.

ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லையா பாப்பா? மாப்பிள்ளை எடுத்தால் நீ தூங்குகிறாய் என்கிறார். நான்கு முறை அழைத்தேன், நான்கு முறையும் தூங்குகிறாய். நம் தெருவில் ஐரோப்பாவில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய முதல் பெண் நீ. உன்னைப் பற்றி யாராவது விசாரித்தால் இன்றும் நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

7ஆம் தேதி நள்ளிரவு ஆங்கிலேயர்கள் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்துக் காற்றோடு அனுப்பினார்கள். அந்த எட்டும் ஒரு கப்பலைக்கூட எரிக்கவில்லை. ஆனால் பயத்தில் ஸ்பானியர்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறினார்கள். மறுநாள் கிராவலைன்ஸ் கரையோரம் ஆங்கிலேயர்கள் நெருங்கி வந்து அடித்தார்கள். உன் சான் மத்தேயோ அன்றைய அடியில்தான் கரை தட்டி டச்சுக்காரர்களிடம் சிக்கியது. பிறகு அயர்லாந்துக் கரையில் புயல் அறைந்தபோது, நின்று தாக்குப்பிடிக்கப் பல கப்பல்களிடம் நங்கூரம் இல்லை. அவை கலேயில் கடலடியில் கிடந்தன.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இப்போது மறுபடி எடுக்கிறேன்.

கல்யாணத்துக்கு 19 நாள் இருக்கும்போது நீ அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாயே. அதை நான் அப்பாவிடம் கொடுக்கவில்லை. கொடுத்தேன், படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்று உன்னிடம் சொன்னேன். பொய். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, உன் பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். படித்திருந்தால் அப்பா நிறுத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். கடைசிவரை அப்பா அதைப் படிக்கவில்லை. நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் விமானம் ஏறினாய். "குழந்தைக்கு என் மேல் என்ன கோபம்?" என்று ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கடிதம் நீல டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

செப்டம்பரில் மெதினா சிதோனியா சாந்தாந்தேரில் கரை சேர்ந்தார், உடம்பு முற்றும் நொந்துபோய். மன்னர் அவரை அரசவைக்கு வந்து நிற்கச் சொல்லவில்லை. நேரே வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்தார். பிலிப் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். மின்விசிறி புதிது. சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது, எந்த நேரம் வந்தாலும் என்னை எழுப்ப வேண்டியதில்லை. டிக்கெட்டுக்கு உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், உன் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கில். சாப்பிடு. பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும்.

அம்மா