வயலை மூடவிடாமல் நின்ற எல்லோருக்கும்

அன்பான ஊரவர்களுக்கும், தூர இருந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும்,

குளத்தின் கீழுள்ள வயல்காணியில் கிரவல் கொட்டி லொறி நிறுத்த இடம் அமைத்த வேலையை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவால் நிறுத்தியிருக்கிறது. காணி மேடானால் கழிவு வாய்க்கால் அடைபட்டு, காலபோக மழைக்கு அதன் பின்னாலுள்ள வயல்கள் எல்லாம் வெள்ளத்தில் நிற்கும். பாதி வாய்க்கால் ஏற்கெனவே மூடுண்டு போனது. மீதியைக் காத்துத் தந்தவர்களுக்குக் கிளிநொச்சியிலிருந்து இந்த மடல்.

முதலில் கமக்காரர் அமைப்பின் செயலாளர் அண்ணைக்கு. 2000ம் ஆண்டின் 46ம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. பிரதேச சபை கட்டட அனுமதி கொடுத்தாலும் அது வேறு, இது வேறு. டிப்பர் வரத் தொடங்கியதுமே இதைச் சொன்னவர் அவர். சொன்னதோடு நிற்காமல் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, திகதி முத்திரையோடு பிரதியும் வாங்கி வைத்தார். தடை கேட்பவர் தாமதித்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால், “இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்” என்று எதிர்த்தரப்பு சொல்லியிருக்கும்.

போன இடப்பெயர்வில் பலருடைய காணி அனுமதிப்பத்திரங்கள் தொலைந்துவிட்டன. பழைய பதிவேடுகளைப் புரட்டி உறுதிப்படுத்திய பிரதிகளை எடுத்துத் தந்த பிரதேச செயலக உத்தியோகத்தர் அக்காவை எங்கள் பிள்ளைகளும் மறக்கமாட்டார்கள்.

எங்கள் சட்டத்தரணி ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்ல! பொலிஸ் மூலம் ‘66 வழக்கு’, அதாவது காணித் தகராறுக்கான 66ம் பிரிவு வழக்குப் போடலாம் என்று சிலர் சொன்னபோது, அவர் பொறுமையாக விளக்கினார். 1979ம் ஆண்டின் 44ம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் அந்த வழக்கில் வரும் கட்டளை சமாதானம் குலையாமல் காப்பதற்கு. உரிமையைத் தீர்ப்பது வேறு நீதிமன்றம். காணி அதை நிரப்புகிறவருடையதுதான், அதில் நாங்கள் பங்கு கேட்கவில்லை. அதை என்ன செய்கிறார் என்பதே எங்கள் கேள்வி. ஆகவே மாவட்ட நீதிமன்றம் போனோம். விசாரிக்கத்தக்க விடயம் இருக்கிறதா, தடை கொடுத்தால் யாருக்குக் கூடுதல் பாதிப்பு, கேட்பவர் நேர்மையாக வந்தாரா என்பவற்றை நீதிபதி பார்ப்பார் என்று சொல்லி, சத்தியக்கடதாசியில் மிகைப்படுத்திய ஒரு வரியையும் சட்டத்தரணி ஐயா சேர்க்க விடவில்லை. கோபத்தில் இருந்த எங்களுக்கு அது அப்போது பிடிக்கவில்லை. ஆனால் அவர் செய்ததுதான் சரி.

வழக்காளிகளாகக் கையெழுத்திட்ட குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. போதிய காரணமின்றித் தடை கேட்டதாகத் தெரிந்தால் நட்டஈடு கட்ட நேரலாம் என்பதைக் கேட்ட பிறகும் பேனாவை எடுத்தவர்கள் அவர்கள். அதில் கணவனை இழந்த அம்மாமார் முன்னுக்கு நின்றார்கள்.

நில அளவையாளர், வாய்க்காலைத் தினமும் படம் எடுத்த தம்பிமார், வழக்குச் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்கள் எல்லோருக்கும் நன்றி.

முதலில் கிடைத்த தடை 14 நாட்களுக்கு மேல் போகாதது. நீடித்து வாங்கி, இரு பக்கமும் கேட்ட பிறகே இடைக்காலத் தடை வந்தது. இதுவும் வழக்கு முடியும்வரைதான்; பிரதான வழக்கு இனித்தான். பழைய வாய்க்கால் படமோ நீர்வரிப் பற்றுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் அடுத்த தவணைக்கு முன் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்கள் சார்பில்